கடந்த தொலைவும் இடப்பெயர்ச்சியும்

மைசூரு நகரின் வடமேற்கே, தொழிற்சாலைகள் நிறைந்த ஹெப்பாள் பகுதியில் ஓர் ஏரி உண்டு. பெங்களூரிலும் ஹெப்பாள் என்றோர் இடம் இருத்தலின், ஈண்டு நாம் குறிப்பது மைசூருவைச் சார்ந்ததே என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். களப்பணியாளர் ஒருவர் காலையில் அவ்வேரிக்கரையில் ஒரு கல்லை நட்டு, அங்கிருந்து புறப்பட்டுக் கரை வழியே ஏரியை முழுதும் சுற்றி, மீண்டும் அதே கல்லருகில் வந்து நிற்கிறார் என்று கொள்வோம். அவரை இருவர் வினவுகின்றனர். "எவ்வளவு நடந்தீர்கள்?" என்பது ஒருவர் வினா. "புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எத்திசையில் நிற்கிறீர்கள்?" என்பது மற்றவர் வினா. முதல் வினாவுக்கு விடை, கால்கள் நன்கு உணர்ந்த ஒரு பெரிய எண். இரண்டாம் வினாவுக்கு விடை சுழி. இரண்டு விடைகளும் சரியானவையே. ஏனெனில் இரண்டும் வெவ்வேறு வினாக்கள்.

இயற்பியலில் முதல் வினாவின் விடையைக் 'கடந்த தொலைவு' என்றும், இரண்டாம் வினாவின் விடையை 'இடப்பெயர்ச்சி' என்றும் வழங்குகிறோம். இவ்வேறுபாடு பாடநூலின் முதற் சில பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். ஆயினும், இதனால் யாது பயன் என்று ஒரு மாணவன் கேட்பின், விடை கூறத் தயங்கும் நிலை ஆசிரியர்களுக்கு ஏற்படுவதுண்டு. இவ்வேறுபாடு வெறும் சொல் விளையாட்டன்று. நிலத்தை அளப்பவர், வாய்க்கால் வெட்டுபவர், ஊர்தியின் எரிபொருட் கணக்கை எழுதுபவர் ஆகிய அனைவரும் நாள்தோறும் இதனைச் சார்ந்தே தொழில் செய்கின்றனர். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் நேரும் பிழை எத்தகையது என்பதையும், இரண்டையும் பிரித்தறிந்தால் பிழையையே கண்டுபிடிக்கும் கருவியாக அவ்வறிவு எவ்வாறு அமைகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வரையறை

ஒரு பொருள் இயங்கிய பாதையின் முழு நீளமே அது கடந்த தொலைவாகும். பாதை நேராயினும் வளைந்ததாயினும், சென்ற வழியே திரும்பி வந்ததாயினும், ஒவ்வோர் அடியும் கணக்கில் சேரும். இதற்கு அளவு மட்டுமே உண்டு, திசை கிடையாது. இத்தகைய அளவை ஸ்கேலர் அளவு என்பர்.

இடப்பெயர்ச்சி என்பது தொடக்க இடத்திலிருந்து முடிவிடத்திற்கு வரையப்பெறும் நேர்கோட்டின் நீளமும் திசையும் ஆகும். இடையில் எவ்வழி சென்றோம் என்பதை இது பொருட்படுத்துவதில்லை. அளவும் திசையும் ஒருங்கே உடைய இத்தகைய அளவை வெக்டர் அளவு என்பர்.

ஓர் எளிய கணக்கைக் காண்க. ஹெப்பாளிலிருந்து ஒருவர் மிதிவண்டியில் கிழக்கே 4 கிலோமீட்டரும், பின்னர் தெற்கே 3 கிலோமீட்டரும் செல்கிறார். அவர் கடந்த தொலைவு 7 கிலோமீட்டர். செங்கோண முக்கோண விதியின்படி, தொடக்க இடத்திற்கும் முடிவிடத்திற்கும் இடையேயுள்ள நேர்கோடு 5 கிலோமீட்டர். ஆகவே அவருடைய இடப்பெயர்ச்சி, கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 37 பாகை சாய்ந்த திசையில் 5 கிலோமீட்டர். திசையைக் கூறாது '5 கிலோமீட்டர்' என்று மட்டும் எழுதினால் விடை நிறைவுபெறாது. ஹெப்பாளைச் சுற்றி 5 கிலோமீட்டரில் ஒரு வட்டம் வரைந்தால், அதன்மீதுள்ள எல்லா இடங்களுக்கும் அவ்வெண் பொருந்துமன்றோ?

இதிலிருந்து ஒரு பொது விதி பெறப்படுகிறது. இடப்பெயர்ச்சியின் அளவு, கடந்த தொலைவைவிட ஒருபோதும் மிகுதியாக இராது. பொருள் ஒரே நேர்கோட்டில், திரும்பாது சென்றால் மட்டுமே இரண்டும் சமமாகும்.

ஆறும் இருப்புப்பாதையும்

இயற்கையில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு காவிரி. குடகில் தலைக்காவிரியில் தோன்றி, மைசூருவுக்கு அண்மையில் கிருஷ்ணராஜ சாகர் நீர்த்தேக்கத்தில் தங்கி, பின்னர் தமிழகம் புகுந்து பூம்புகாரில் கடலோடு கலக்கும் இவ்வாற்றின் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். தலைக்காவிரியையும் பூம்புகாரையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்து அளந்தால், ஏறத்தாழ 500 கிலோமீட்டரே வருகிறது. திசை, கிழக்கிலிருந்து சற்றுத் தெற்காக. அதாவது, ஆற்றுநீர் 800 கிலோமீட்டர் ஓடி அடைந்த கிடைமட்ட இடப்பெயர்ச்சி 500 கிலோமீட்டர்.

ஈண்டு எவ்வெண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்பது நாம் கேட்கும் வினாவைப் பொறுத்தது. ஆறு தோன்றுமிடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆற்றின் சராசரிச் சரிவு என்ன என்று கணக்கிட, 1,300 மீட்டரை ஆறு உண்மையில் ஓடிய 800 கிலோமீட்டரால் வகுத்தல் வேண்டும். விடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர். தவறி நேர்கோட்டு நீளத்தால் வகுத்துவிட்டால் 2.6 மீட்டர் என்று வரும். வாய்க்கால் ஒன்றின் சரிவை இவ்வாறு தவறாகக் கணக்கிட்டவர், தண்ணீர் தாம் எதிர்பார்த்ததைவிட மெதுவாகச் செல்வதைக் கண்டு வியப்புறுவார். தவறு தண்ணீரிடத்தில் இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலை இருப்புப்பாதை மற்றோர் எடுத்துக்காட்டு. பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். இரு நிலையங்களுக்கும் இடையே வரைபடத்தில் நேர்கோடு இட்டால் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். இவ்விடப்பெயர்ச்சிக்கு மேல்நோக்கிய ஒரு கூறும் உண்டு என்பதை மறத்தலாகாது. வண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 2,200 மீட்டர் உயரத்தில் சென்று நிற்கிறது. மலைப்பாதை ஏன் இவ்வாறு வளைந்து வளைந்து செல்கிறது என்பதற்கும் இதிலேயே விடை உள்ளது. ஏறவேண்டிய உயரம் மாற்ற இயலாதது. கடக்கும் தொலைவை மிகுதிப்படுத்தினால், ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறவேண்டிய உயரம் குறைகிறது. எனவே இடப்பெயர்ச்சி மாறாதிருக்க, தொலைவை நீட்டிச் சரிவைத் தணிப்பதே மலைப்பாதை அமைப்போர் கையாளும் முறை. அவ்வாறு நீட்டியும் சரிவு மிகுந்திருந்த குன்னூர் வரையிலான ஏற்றத்திலேயே பற்சட்டம் தேவைப்பட்டது.

வேகமும் திசைவேகமும்

மைசூரு நகரைச் சுற்றி வெளிவட்டச் சாலை ஒன்று அமைந்துள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். ஹெப்பாள் அருகே அச்சாலையில் புறப்பட்ட ஓர் ஊர்தி, ஒரு மணி நேரத்தில் முழுச் சுற்றும் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தால், அதன் சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். ஆனால் சராசரித் திசைவேகம் சுழி. வேகம் என்பது கடந்த தொலைவைக் காலத்தால் வகுத்துப் பெறுவது. திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுத்துப் பெறுவது.

இதைக் கேட்ட மாணவன், "வண்டி ஓடிக்கொண்டிருந்த எந்த நொடியிலும் திசைவேகம் சுழியாக இல்லையே, சராசரி மட்டும் எவ்வாறு சுழியாகும்?" என்று கேட்கக்கூடும். இது நல்ல கேள்வி. வண்டி ஒரு நேரத்தில் கிழக்கே செல்கிறது. மற்றொரு நேரத்தில் மேற்கே செல்கிறது. கிழக்கு நோக்கிய நகர்வுகளை மேற்கு நோக்கியவை ஈடுசெய்கின்றன. வடக்கைத் தெற்கு ஈடுசெய்கிறது. மொத்தத்தில் எதுவும் எஞ்சுவதில்லை.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. மிகச் சிறிய ஒரு கால இடைவெளியை எடுத்துக்கொண்டால், அவ்வளவில் எந்த வளைந்த பாதையும் ஏறக்குறைய நேர்கோடே. ஆகவே மிகச் சிறிய இடைவெளியில் கடந்த தொலைவும் இடப்பெயர்ச்சியின் அளவும் ஒன்றாகிவிடுகின்றன. ஊர்தியின் வேகமானி காட்டும் எண், அக்கணத்துத் திசைவேகத்தின் அளவே ஆகும். வேறுபாடு தோன்றுவது, சிறு சிறு நகர்வுகளை நாம் கூட்டும்பொழுதுதான். திசையைப் பாராது நீளங்களை மட்டும் கூட்டினால் தொலைவு கிடைக்கிறது. திசையோடு சேர்த்துக் கூட்டினால் இடப்பெயர்ச்சி கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள உறவை இதனினும் சுருக்கமாகக் கூற இயலாது.

சுழியின் பயன்

ஏரிக்கரைக்குத் திரும்புவோம். சுற்றி வந்தவரின் இடப்பெயர்ச்சி சுழி என்பது பயனற்ற விடைபோல் தோன்றலாம். ஆனால் நில அளவையாளருக்கு அச்சுழியே உரைகல்.

ஓர் ஏரியின் எல்லையைச் சங்கிலியும் திசைகாட்டியும் கொண்டு அளப்பதாகக் கொள்வோம். அ, ஆ, இ, ஈ என நான்கு கற்கள் நடப்பட்டுள்ளன. கீழ்வரும் அளவுகள் கணக்கின் எளிமைக்காக எடுக்கப்பட்டவை. எந்த ஏரியின் உண்மை அளவுகளும் அல்ல.

அ முதல் ஆ வரை: நேர் கிழக்கே 400 மீட்டர்.
ஆ முதல் இ வரை: 260 மீட்டர், அதாவது வடக்கே 240, மேற்கே 100.
இ முதல் ஈ வரை: 340 மீட்டர்; அதாவது வடக்கே 160, மேற்கே 300.
ஈ முதல் மீண்டும் அ வரை: நேர் தெற்கே 400 மீட்டர்.

நடந்த தொலைவு மொத்தம் 1,400 மீட்டர். இனி நகர்வுகளைத் திசைவாரியாகக் கூட்டுக. கிழக்கே 400, மேற்கே 100 உம் 300 உம் சேர்ந்து 400. வடக்கே 240 உம் 160 உம் சேர்ந்து 400, தெற்கே 400. கிழக்கும் மேற்கும் ஒத்தன. வடக்கும் தெற்கும் ஒத்தன. இடப்பெயர்ச்சி சுழி. அளவை 'மூடியது' என்று அளவையாளர் கூறுவது இதனையே. இவ்வகைச் சுற்றளவையை அவர்கள் மூடிய டிராவர்ஸ் என்று வழங்குவர்.

இப்பொழுது, கடைசிப் பக்கத்தை அளக்கையில் 20 மீட்டர்ச் சங்கிலி ஒன்றை எண்ண மறந்து, 400 என்பதற்குப் பதிலாக 380 என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டதாகக் கொள்க. மொத்தத் தொலைவு 1,380 மீட்டர் என்று வரும். அவ்வெண்ணைப் பார்த்து எவரும் ஐயுற மாட்டார். 1,400 எவ்வாறு பொருத்தமாகத் தோன்றுமோ, அவ்வாறே 1,380 உம் தோன்றும். ஆனால் இடப்பெயர்ச்சிக் கணக்கைப் போட்டவுடன், வடக்கே 20 மீட்டர் எஞ்சி நிற்கிறது. கால்கள் கல்லருகில் நிற்கின்றன. குறிப்பேடோ கல்லுக்கு வடக்கே 20 மீட்டரில் நிற்பதாகக் கூறுகிறது. எங்கோ பிழை உண்டு என்பது உறுதியாயிற்று.

பிழை உண்டு என்பது மட்டுமன்று. அது எங்குள்ளது என்பதற்கும் குறிப்புக் கிடைக்கிறது. எஞ்சிய அளவு சரியாக ஒரு சங்கிலி நீளம். ஆகவே சங்கிலி எண்ணிக்கையில் தவறியிருக்கலாம். எஞ்சிய திசை வடக்கு. கிழக்கு மேற்கில் எதுவும் எஞ்சவில்லை. எனவே வடக்குத் தெற்காக ஓடும் பக்கத்தையே முதலில் மீண்டும் அளக்க வேண்டும். அத்தகைய பக்கம் ஒன்றுதான். ஈ முதல் அ வரை. நான்கு பக்கங்களையும் மீண்டும் அளக்கும் ஒரு நாள் வேலை, ஒரு பக்கத்தை அளக்கும் சிறு வேலையாகக் குறைந்துவிட்டது. திசையை ஒதுக்கிவிட்டு நீளத்தை மட்டும் கூட்டியிருந்தால் இவ்வுதவி கிட்டியிராது.

சுழி கண்டுபிடிக்காத பிழை

எனினும் இச்சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. அதனையும் களப்பணியாளர்கள் அறிந்திருத்தல் வேண்டும். நெடுநாள் இழுபட்டதால் சங்கிலி நீண்டுபோய், 20 மீட்டர் என்று நாம் கருதுவது உண்மையில் 20.2 மீட்டராக உள்ளது என்க. அப்பொழுது எல்லாப் பக்கங்களும் ஒரே விகிதத்தில் குறைவாகப் பதிவாகும். கிழக்கும் மேற்கும் ஒன்றுபோலவே குறையும். வடக்கும் தெற்கும் அவ்வாறே. கணக்குப் பிழையின்றி மூடும். ஆனால் ஏரியின் பரப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு குறைவாக வரும். திசைகாட்டியின் முள் எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவு விலகிக் காட்டினாலும், உருவம் முழுவதும் திரும்பி நிற்குமேயன்றி மூடாதிராது. ஆகவே, அளவை மூடிவிட்டது என்பதனாலேயே எல்லாம் சரி என்று அமைதல் கூடாது. சங்கிலியைத் திட்ட அளவோடு ஒப்பிடுதலும், வேறொரு நீளத்தைத் தனியே அளந்து பார்த்தலும் இன்றியமையாதவை.

இவ்வுண்மையை நம் நாட்டில் பேரளவில் செய்து காட்டிய வரலாறு மைசூருப் பகுதியோடு தொடர்புடையது. 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்ட படை அலுவலர் வில்லியம் லாம்டன், போர் முடிந்தபின், தீபகற்பத்தைக் கடற்கரை முதல் கடற்கரை வரை முக்கோணங்களால் அளக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அக்காலத்து வரைபடங்கள் பெரும்பாலும் பாதைவழி அளவுகளையும், ஆங்காங்கே செய்யப்பெற்ற வானியல் நோக்கல்களையும் கொண்டு வரையப்பட்டவை. அளவைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு சாலை வழியே சென்றால் கிடைப்பது கடந்த தொலைவு. வரைபடம் வரையத் தேவையானதோ இடப்பெயர்ச்சி. சாலையின் வளைவுகளுக்காக எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை அளவையாளர் தம் மதிப்பீட்டாலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

முக்கோண அளவையில் இந்த இடர்ப்பாடு இல்லை. ஒரே ஒரு கோட்டை மட்டும் மிகக் கவனமாகத் தரையில் அளப்பர். இதற்கு அடிக்கோடு என்று பெயர். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றையோ கோபுரத்தையோ தியோடலைட்டுக் கருவியால் நோக்கிக் கோணங்களை அளப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம். அப்பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இவ்வாறு குன்றுக்குக் குன்று தாவிச் செல்லும் கணக்கில், சாலையின் வளைவு நுழைய இடமே இல்லை. கிடைப்பது முற்றிலும் நேர்கோட்டு அளவும் திசையும்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னை பரங்கிமலைக்கருகில் லாம்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 7½ மைல். அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கு நோக்கிப் படர்ந்தன. இறுதியில், சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே தீபகற்பத்தின் அகலம் 360 மைலே என்று தெரிந்தது. அதுவரை வரைபடங்களில் அது 400 மைலாக இருந்தது. இல்லாத 40 மைல் நிலம் தாளில் மட்டும் இருந்துவந்தது! இன்றும் சென்னையிலிருந்து மங்களூருக்கு இருப்புப்பாதை வழியே செல்வோர் ஏறத்தாழ 890 கிலோமீட்டர் பயணம் செய்கின்றனர். நேர்கோட்டு அளவோ 590 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

லாம்டன் அத்துடன் நிற்கவில்லை. முக்கோணங்கள் மூடினாலும் அளவுகோலில் பிழை இருக்கலாம் என்பதை அவர் அறிவார். ஆகவே 1804இல், சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு அருகே ஏழு மைலுக்கு மேற்பட்ட மற்றோர் அடிக்கோடு தரையில் நேராக அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணத் தொடர் வழியாகக் கணக்கிட்டுப் பெற்ற நீளத்திற்கும், தரையில் அளந்த நீளத்திற்கும் இருந்த வேறுபாடு சில அங்குலங்களே. பின்னர் குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்ட பெரும் முக்கோண அளவை, இத்தகைய சோதனைகளின்மீதே நம்பிக்கையோடு கட்டப்பட்டது.

கடற்கரையின் நீளம் என்ன?

தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் இடையே மற்றொரு வேறுபாடு உண்டு. இது பாடநூல்களில் அரிதாகவே பேசப்படுகிறது. இரு இடங்களுக்கு இடையேயுள்ள இடப்பெயர்ச்சி, நாம் எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தாலும் ஒன்றே. ஆனால் நெளிந்த பாதையின் நீளம், எவ்வளவு சிறிய நெளிவுவரை கணக்கில் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று பல்லாண்டுகளாகப் பாடநூல்களில் கற்பித்து வந்தோம். 2024இல் மத்திய அரசு வெளியிட்ட திருத்திய கணக்கின்படி அது 11,098.81 கிலோமீட்டர். நாட்டின் கடற்கரை திடீரென வளர்ந்துவிடவில்லை. முன்னைய கணக்கு, சிறு விவரங்களைக் காட்டாத சிற்றளவு வரைபடத்தைக் கொண்டு செய்யப்பட்டது. புதிய கணக்கு, கழிமுகங்களும் சிறு வளைகுடாக்களும் நன்கு புலப்படும் பேரளவு வரைபடத்தைக் கொண்டு செய்யப்பட்டது. நெளிவுகள் மிகுதியாகத் தெரியத் தெரிய, நீளம் கூடியது. தமிழகக் கடற்கரையும் இவ்வாறே 906.9 கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 1,069 கிலோமீட்டராகத் திருத்தப்பட்டது. ஆனால் பழவேற்காட்டிலிருந்து குமரிமுனை வரையிலான நேர்கோடு, அன்றும் இன்றும் ஏறத்தாழ 670 கிலோமீட்டரே. ஆகவே ஆறு, கரை, எல்லை ஆகியவற்றின் நீளத்தைக் குறிப்பிடுகையில் எந்த அளவுத்திட்டத்தில் அளந்தோம் என்பதையும் உடன் எழுதுதல் நன்று.

ஜி.பி.எஸ். கருவி கைக்கொண்டு களம் செல்வோர்க்கும் இது பொருந்தும். அக்கருவி நாம் நடந்த தொலைவை நேரடியாக அளப்பதில்லை. குறித்த இடைவெளியில் நம் இருப்பிடத்தைப் பதிந்து, அடுத்தடுத்த பதிவுகளுக்கு இடையேயுள்ள சிறு இடப்பெயர்ச்சிகளின் நீளங்களைக் கூட்டித் தருகிறது. பதிவுகள் மிக அரிதாக இருந்தால் வளைவுகள் விடுபட்டுத் தொலைவு குறைவாக வரும். மாறாக, ஓரிடத்தில் நின்றுகொண்டே கருவியை ஓடவிட்டால், ஒவ்வொரு பதிவிலும் நேரும் சிறு பிழை ஒரு நகர்வாகக் கணக்கிடப்படும். பத்து நொடிக்கு ஒரு மீட்டர் என்று கொண்டாலும், ஒரு மணி நேரத்தில் 360 மீட்டர் நடந்ததாகக் கருவி கூறிவிடும். அப்பொழுதும் இடப்பெயர்ச்சி அக்கருவியின் இயல்பான பிழையளவுக்குள்ளேயே அடங்கி நிற்கும். மரத்தடியில் இளைப்பாறும்போது பதிவை நிறுத்தி வைப்பது நல்ல வழக்கம்.

புவியீர்ப்பும் உராய்வும்

இயற்கை விதிகளே சில இடங்களில் தொலைவையும், சில இடங்களில் இடப்பெயர்ச்சியையும் கேட்கின்றன. மைசூருவின் சாமுண்டி மலைக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, ஆயிரம் படிகளுக்கு மேற்பட்ட செங்குத்தான படிவழி. மற்றொன்று, மலையைச் சுற்றி வளைந்து செல்லும் வண்டிச்சாலை. மலையுச்சி நகரத்தைவிட ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தது. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் எவ்வழியே ஏறினாலும், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை 60, 9.8, 300 ஆகிய மூன்றின் பெருக்கல், அதாவது 1,76,400 ஜூல். இங்கு மேல்நோக்கிய இடப்பெயர்ச்சி மட்டுமே கணக்கில் வருகிறது; வழி எதுவென்று புவியீர்ப்பு கேட்பதில்லை. ஏறியவர் மீண்டும் அடிவாரத்திற்கு இறங்கிவிட்டால், சென்று மீண்ட பயணம் முழுவதிலும் புவியீர்ப்பு செய்த வேலை சுழி.

உராய்வு அவ்வாறன்று. அது எப்பொழுதும் இயக்கத்திற்கு எதிராகவே நிற்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மீட்டருக்கும் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பினாலும் உராய்வால் இழந்த ஆற்றல் திரும்பி வருவதில்லை. எரிபொருள் தீர்வதும், சக்கரங்கள் தேய்வதும், நடந்தவர் களைப்படைவதும் இடப்பெயர்ச்சி சுழி என்பதனால் இல்லாமற் போய்விடுவதில்லை.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர்கள் பின்வரும் நான்கு தவறுகளை எதிர்பார்த்துத் திருத்துதல் நலம்.

முதலாவது, 'இடப்பெயர்ச்சி என்பது மிகக் குறுகிய தொலைவு' என்று எழுதுவது. இதில் பாதியே உண்மை. திசை விடுபட்டுப்போகிறது. ஏரிக்கணக்கில் பிழையைக் காட்டிக் கொடுத்தது திசையே என்பதை நினைவூட்டுக.

இரண்டாவது, இடப்பெயர்ச்சி சுழியெனில் இயக்கமே இல்லை என்று கருதுவது. சுற்றி வந்தவரின் கால்களைக் கேட்டால் விடை தெரியும்.

மூன்றாவது, குறிகளைப் பற்றிய குழப்பம். ஒரே நேர்கோட்டில் இயங்குகையில், கிழக்கை நேர்க்குறியாகக் கொண்டால் மேற்கு நோக்கிய இடப்பெயர்ச்சி எதிர்க்குறி பெறும். தொலைவு ஒருநாளும் எதிர்க்குறி பெறாது. இயக்கம் தொடரும்வரை கூடிக்கொண்டே செல்லும்.

நான்காவது, இருப்பிடத்தையும் இடப்பெயர்ச்சியையும் ஒன்றாகக் கொள்வது. இருப்பிடத்தைக் கூற ஓர் ஆதிப்புள்ளி வேண்டும். மைசூரு அரண்மனையிலிருந்து பார்த்தால் ஹெப்பாளின் இருப்பிடம் ஒன்று. பெங்களூரிலிருந்து பார்த்தால் வேறொன்று. ஆனால் ஹெப்பாளிலிருந்து ஒருவர் கிழக்கே 4 கிலோமீட்டர் சென்றார் என்றால், ஆதிப்புள்ளி எதுவாயினும் அவருடைய இடப்பெயர்ச்சி அதுவே.

இவற்றை விளக்கக் கருவிகள் மிகுதியாகத் தேவையில்லை. பள்ளித் திடலில் ஒரு கல்லை நட்டு, மாணவனை அங்கிருந்து கிழக்கே 20 அடிவைப்பும், வடக்கே 15 அடிவைப்பும் நடக்கச் செய்க. அவன் நடந்தது 35 அடிவைப்பு. பின்னர் நேராகக் கல்லுக்குத் திரும்பச் சொல்லி எண்ணச் செய்க. ஏறத்தாழ 25 வரும். அடுத்து, திடலின் ஓரத்தில் ஐந்தாறு பக்கமுள்ள சுற்று ஒன்றைத் திசைகாட்டி கொண்டு அளக்கச் செய்து, தாளில் வரைந்து பார்க்கச் சொல்லுக. கோடு தொடங்கிய புள்ளிக்கு வந்து சேராமல் சற்று விலகி நிற்கும். அவ்விலகலைக் குற்றமாகக் கொள்ளாது, எப்பக்கத்தில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று மாணவர்களையே ஆராயச் செய்க. அவ்வாராய்ச்சியில் வரையறை தானே மனத்தில் பதியும்.

களப்பணியாளர்களுக்கும் ஒரு சொல். கூலி, எரிபொருள், குழாயின் நீளம், சாலைக்குக் கொட்டும் சரளை, வாய்க்காலின் சரிவு ஆகியவற்றுக்குக் கடந்த தொலைவை எழுதுக. எல்லைக் கற்களின் இருப்பு, வரைபடம், கம்பியில்லாத் தொடர்பின் எட்டம், அணைச்சுவரின் அசைவு ஆகியவற்றுக்கு இடப்பெயர்ச்சியை, திசையோடு எழுதுக. குறிப்பேட்டில் எண் எழுதும் முன், கேட்கப்பட்டது எவ்வளவு நடந்தோம் என்பதா, எங்கே வந்து நிற்கிறோம் என்பதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் போதும். சுற்றளவை முடிந்து முதற் கல்லருகில் வந்து நிற்கும்பொழுது, குறிப்பேடும் அதே கல்லருகில் வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டே சங்கிலியைச் சுருட்டுதல் வேண்டும்.